மூலைக் கடைக்காரரின் கடிதம் முழுக்கப் படிக்கப்பட்டது

ஜூன் 6

தம்பிக்கு,

போன தடவை போனில் பேசும்போது நீ பாதியில் வைத்தாய். அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். இரண்டு பேரும் சமமாகிவிட்டதால் இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது.

விஷயம் இது. புறவழிச் சாலை வந்து பேருந்து ஊருக்குள் நுழைவதை நிறுத்திய பிறகு கடைத்தெரு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். இப்போது அதைவிட மோசம். தினமும் ஷட்டர் தூக்குவது சலூன், டீக்கடை, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை, அவ்வளவுதான். மருந்துக் கடைக்கு வருகிறவர்களும் விருப்பப்பட்டு வருவதில்லை.

மாவட்டத் திட்ட அலுவலகம் இப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உயிர்ப்பிக்கப்போகிறதாம். திட்டத்தை ஊர்க்காரர்களே தீட்ட வேண்டும். எப்படித் தீட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆலோசகரை அனுப்பியிருக்கிறார்கள். அவர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, 'மக்கள்' என்று ஒரு வட்டம், 'வருமானம்' என்று ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஓர் அம்புக்குறி போடுகிறார். போட்டவுடன் வேலை முடிந்த மாதிரி எல்லோருக்கும் ஒரு நிம்மதி வருகிறது. அவருக்கு அம்புக்குறி என்றே பெயர் விழுந்துவிட்டது.

குழுவுக்குத் தலைவர் மரக்கடைக்காரர். நாம் மைக் என்று பெயர் வைத்த அதே ஆள்தான், மைக் கையில் கிடைத்தால் இன்னும் விடுவதில்லை. நான் செயலாளர். எழுதத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

திட்டத்தில் பாதி அபத்தம். நீரூற்று ஒன்று வைத்தால் வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொள்வார்களாம். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு யோசனை நல்ல யோசனை. உன் கீழ்க்கடை. சுற்றுவட்டாரத்தில் காய்கறி போடுகிறவர்கள், தைக்கிறவர்கள், தச்சுவேலைக்காரர்கள் எல்லோரும் முறை வைத்து விற்க ஒரு பொதுக் கடை. பேருந்து திரும்புவதற்கு இடம் இருப்பது உன் கடை இருக்கும் மூலையில் மட்டும்தான். கடை வந்தால் பேருந்தை உள்ளே விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கடைத்தெருவில் கட்டடம் உள்ள எல்லோரும் செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மனு செல்லாது. உன்னைத் தவிர எல்லோரும் போட்டுவிட்டார்கள். படிவம் இத்துடன் இருக்கிறது.

மாடியை எனக்கும் கீழ்க்கடையை உனக்கும் எழுதிவைத்தபோது அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மேல அவ இருக்கட்டும், கீழ அவன் இருக்கட்டும். அப்பத்தான் கட்டடம் ஆடாம நிக்கும்."

அக்கா

ஜூன் 13

அக்காவுக்கு,

போட மாட்டேன்.

இத்துடன் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நீ அப்பாவை இழுத்துவிட்டாய்.

அந்தக் கீழ்க்கடையில் மின்விசிறியும் விளக்கும் அடுக்கிவைத்துக்கொண்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஆள் வரவில்லை என்று யார் சொன்னது? ஊரே வந்தது. "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்று வந்தது. என்னிடம் விலை கேட்டுவிட்டு, பேருந்து ஏறிப் பெரிய ஊருக்குப் போய் வாங்கி, அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என் கடை வாசல் வழியாகவே நடந்து போனது. மாட்டத் தெரியாதபோது மட்டும் "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன்." கடை செத்தது புறவழிச் சாலையால் இல்லை. அது பேருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தபோதே செத்தது. அந்தப் பேருந்தில்தான் பெட்டிகள் வந்தன.

சலூன்காரர் குழுவில் இருக்கிறாரா? தினமும் என் கடை விசிறிக் காற்றில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, சலூனுக்கு விசிறி மட்டும் வெளியில் வாங்கினார். கழுத்தில் கத்தி வைத்திருக்கிற மனிதரிடம் ஏன் என்று கேட்க முடியவில்லை. மைக், என் கடைத் திறப்பு விழாவில் ஒரு மணி நேரம் பேசினார். அன்று வாங்குகிற எண்ணத்தோடு வந்த நாலு பேரும் அவர் முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீழ்ச்சி அன்றே தொடங்கியது. அத்தானுக்கு என்ன பிரிவு கொடுத்திருக்கிறீர்கள்? தூக்கமா?

கீழ்க்கடையைப் பார்சல் கம்பெனி ஒன்று கிடங்குக்காக விலைக்குக் கேட்கிறது. கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊர் ஆட்கள் போனில் அழுத்துகிறார்கள், பொருள் வாசலுக்கு வருகிறது. அவர்களுக்கு வேண்டியது பொதுக் கடை இல்லை, கிடங்கு. யோசித்துப் பார்த்தால் மக்களின் விருப்பத்தை மதித்துத் திட்டம் போட்ட ஒரே ஆள் நான்தான்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நாலு மாடி ஷோரூமில் மேலாளர். உள்ளே எப்போதும் குளிரும்.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. முழுக்க.

நீ இப்போது எழுந்து நின்றிருப்பாய். உட்கார். எங்கள் ஐந்தாம் விதி என்னவென்றால், திட்டம் சம்பந்தமாக வரும் எந்தக் கடிதத்தையும் சுருக்கக் கூடாது, ஒரு வரி விடாமல் சபையில் படிக்க வேண்டும். போன குழுவில் ஒரு கட்டடக்காரர் 'சாக்கடையைச் சரிசெய்தால் சம்மதம்' என்று எழுதியதைச் 'சம்மதம்' என்று சுருக்கிப் படித்தார்கள். அதில் வந்த சண்டையில் ஒரு நாற்காலி போனது, குழுவும் போனது. அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். சொந்தத் தம்பிக்காக அதை வளைக்க முடியாது.

சலூன்காரர், "அந்த விசிறி வாங்கின நாள்லேருந்து கடகடன்னு ஆடுது. அப்பவே பாவம் புடிச்சிருச்சு" என்றார். மைக், தான் பேசியது ஒரு மணி நேரம் இல்லை, நாற்பது நிமிஷம் என்று பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தேன். அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்யவில்லை. அத்தான், "நான் எப்பங்க தூங்குனேன்?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

கழுத்தில் கத்தி என்ற இடத்தில் சிரித்தார்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள் என்ற இடத்தில் சிரிக்கவில்லை.

இனி நான் சொல்வது மிரட்டல் இல்லை, தகவல். கிடங்கு வந்தால் அந்த மூலையில் லாரி நிற்கும். பேருந்து திரும்ப வேறு இடம் இல்லை. இது போனால் கடைத்தெரு அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் கீழே பெட்டி இறக்கினால் நானும் அத்தானும் மாடியில் இருக்க முடியாது. எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

அக்கா

ஜூன் 26

அக்காவுக்கு,

உனக்கு மூளை குழம்பிவிட்டதா? கூடப்பிறந்தவனின் கடிதத்தைத் தெருவில் படித்துவிட்டு அதற்கு விதி எண் வேறு சொல்கிறாய்!

சரி. படிக்கத்தானே போகிறாய், நேரடியாகவே பேசிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் தெரு செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தம். ஒரு சின்னப் பரிசோதனை செய்வோம். எல்லோரும் குனிந்து உங்கள் கால்களைப் பாருங்கள். ஒவ்வொருவராக எழுந்து, போட்டிருக்கும் செருப்பை எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். ஒருவர், ஒரே ஒருவர், நம் கடைத்தெருவில் வாங்கியிருந்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் என்னைக் கேட்பதை விட்டுவிட்டுப் பார்சல் கம்பெனிக்கு மாலை போட்டு வரவேற்கலாம். மைக், மாலை போடும்போது நீங்கள் பேசலாம்.

செயலாளர் அக்கா, இதையும் முழுக்கப் படி.

தம்பி

ஜூலை 4

தம்பிக்கு,

படித்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வழக்கமாக வராதவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அறை கொள்ளவில்லை. கூட்டத்தைத் தெருவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உன் கடைப் படிதான் உயரம் என்பதால் மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று படித்தேன். டீக்கடைக்காரர் பழைய பெஞ்சுகளைத் தூசி தட்டிப் போட்டார். வறுத்த கடலைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ தள்ளுவண்டியோடு வந்தார். சலூன்காரர் விளக்கை அணைக்காமல் வைத்திருந்ததில் இரண்டு பேர் முடிவெட்டிக்கொண்டார்கள்.

செருப்பு வரி வந்ததும் எல்லோரும் குனிந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பெரிய ஊர், பார்சல், பார்சல், மகன் வாங்கிக் கொடுத்தது, பார்சல் என்றார்கள். மைக்கும் சொன்னார், மைக் இல்லாமல். என் முறையும் வந்தது. பார்சல். நீ எதிர்பார்த்தது நடந்துகொண்டிருந்தது. உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்குப் படியைவிட்டு இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

கடைசியில் அத்தானை எழுப்பினார்கள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம செருப்புக்கடையில வாங்குனது. அந்தக் கடை இருந்தப்போ" என்றார். உனக்கும் அந்தச் செருப்பைத் தெரியும். உன் திறப்பு விழாவுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். அடி மூன்று தடவையும் வார் இரண்டு தடவையும் மாறியிருக்கிறது. மாற்றியதும் நம் தெருவில்தான்.

தெருவே கைதட்டியது. அத்தான் மீண்டும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

படிவம் உன்னிடம் இருக்கிறது. உன் கையெழுத்தை எதிர்பார்க்கிறேன்.

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

அடியும் மாறி வாரும் மாறினால் அது எந்தச் செருப்பு? அத்தான் செய்தது வியாபாரத்துக்கு ஆதரவு இல்லை, கஞ்சத்தனம். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் செருப்புக்கடை முன்னாடியே மூடியிருக்கும். நான் கேட்டது தெருவில் வாங்குகிற ஆள். தெருவில் வாங்குவதை நிறுத்திய ஆளைக் காட்டுகிறாய். செல்லாது.

இன்னொன்றும் எனக்குப் புரிகிறது. நான் திட்டத் திட்ட அங்கே டீ விற்கிறது. அம்புக்குறியிடம் சொல், தாளில் 'மூலைக் கடைக்காரன் வாய்' என்று ஒரு வட்டம் போட்டு அங்கிருந்து 'வருமானம்' வரைக்கும் கோடு இழுக்கட்டும். எனக்கு இந்த வேலை வேண்டாம். செப்டம்பர் பதினைந்தாம் தேதி கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கிறேன்.

தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

நீ முதலில் மறுத்தபோது எனக்கு வலிக்கவில்லை. கடை உன்னுடையது, கோபமும் நியாயமானது. சொல்லிவிட்டு மாறியது வலித்தது.

ஊருக்கும் அப்படித்தான். இதுவரை உன் வாய்க்குச் சிரித்தவர்கள் வியாழக்கிழமை சிரிக்கவில்லை. பெஞ்சு ஒன்றில் யாரோ, "இவன் பேச்சுக்கு நாம காலைப் பாத்துக் குனிஞ்சோமா?" என்றார்கள். மறுநாள் காலை உன் ஷட்டரில் தாரால் எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று சொல்ல மாட்டேன். அதில் இருந்தது உன் பெயர் மட்டும் இல்லை. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை.

மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், "அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி எல்லாம் சேர்ந்துதான் ஊரை விக்கிறாங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொண்டு போனார். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம் வந்திருக்கிறது. அதையும் நான்தான் படிக்க வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

தீர்மானம் தோற்றது. செயலாளரை எடுத்தால் அவர் இடத்தில் யார் எழுதுவது என்று மைக் கேட்டார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

மூன்று வியாழக்கிழமைகளாக உன் கடிதம் இல்லை. படியில் ஏறி "இன்று கடிதம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். யாரும் எழுந்து போவதில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் தையல்காரம்மா மெஷினைக் கொண்டுவந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு, கிழிந்த பைகளைத் தைத்துக் கொடுத்தார். கீரைக்காரர் ஒருவர் சாக்கை விரித்தார். இது எதுவும் தாளில் இல்லை. அம்புக்குறி வந்து பார்த்துவிட்டு, இதை எந்த வட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

நீ எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

தாரால் எழுதியவர்களுக்கு என் வாழ்த்து. என் ஷட்டருக்காக ஊர்க்காரர்கள் செலவு செய்தது இதுதான் முதல் தடவை.

உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிறது. நீ ஊருக்காக இருக்கிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் நம்புகிறாய். நீ அங்கே இருப்பது வேறு எங்கேயும் போகத் துணிச்சல் இல்லாததால். போக முடியாததற்குச் சேவை என்று பெயர் வைத்து, விதி எண் போட்டு, கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறாய். நான் கடையை மூடிவிட்டுக் கிளம்பின காலையில் நீ மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாய். இறங்கி வரவில்லை. போகாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒருவேளை உன் விதிகளில் அதற்கு இடம் இல்லையோ என்னவோ.

இதைப் படிக்காதே என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் படிப்பாய்.

நான் மேலாளர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. விற்பனைக்கு நின்றவன். ஷோரூமை மே மாதமே மூடிவிட்டார்கள். இங்கேயும் ஆள் வந்தது அக்கா. வந்து விசிறியைத் தொட்டுப் பார்த்து, போனில் படம் எடுத்து, என் எதிரிலேயே பார்சலுக்கு அழுத்திவிட்டுப் போனது. இப்போது வீடுவீடாகப் போய்ப் பார்சலில் வந்த விசிறிகளை மாட்டிக்கொடுக்கிறேன். அந்த ஊரில் எங்கே விட்டேனோ அங்கேயே வந்து நிற்கிறேன். கடையை ஏன் விற்கிறேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தக் கடை இருக்கிறவரை திரும்பி வரத் தோன்றும். வந்தால் அந்தத் தெரு இரண்டாவது தடவை என்னை வேடிக்கை பார்க்கும். வருவதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டால் தோன்றாது.

பதினைந்தாம் தேதியில் மாற்றம் இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கூட்டத்தில் முழுக்கப் படிக்கப்பட்டது.

ஜன்னலைப் பற்றி நீ எழுதியதையும் சேர்த்துத்தான்.

இனிமேல் கையெழுத்துக் கேட்டு எழுத மாட்டேன். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு மாடியில் உள்ள சாமான்களை அத்தானின் அண்ணன் வீட்டுக்கு மாற்றுகிறோம். உன் பழைய பெட்டி ஒன்று பரணில் இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுது.

அக்கா

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

வியாழக்கிழமை நான் அங்கே இருந்தேன்.

புறவழிச் சாலையில் இறங்கி நடந்தே வந்தேன். தலையில் தொப்பி, முகத்தில் தாடி. தொப்பிக்கு அவசியமே இருக்கவில்லை. டீக்கடைக்காரர் என்னிடம் கிளாஸை நீட்டி, "வெளியூரா? உக்காருங்க. மூலைக் கடைக்காரன் கடுதாசி படிக்கப் போறாங்க, நல்லாருக்கும்" என்றார்.

"ஆளு எப்படி?" என்று கேட்டேன்.

"வாய்தான். வேற ஒண்ணுமில்ல."

பக்கத்தில் இருந்த கீரைக்காரர் விடவில்லை. "அப்படிச் சொல்லாத. அவன் மாட்டுன விசிறி எங்க வீட்டுல இன்னைக்கும் ஆடாம ஓடுது."

"அதச் சொல்லு. அதுக்கு அப்புறம் மாட்டுன ஒண்ணாவது நேரா ஓடுதா?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ படி ஏறினாய். தாரை எங்கே துடைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் பார்த்தேன். உனக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் துடைத்திருந்தாய். நான் உன்னைப் பற்றி எழுதியதை, துணிச்சல் இல்லாதவள் என்று எழுதியதை, ஜன்னலை, ஒரு வார்த்தை விடாமல் தெருவுக்கே படித்தாய். விலைப்பட்டியல் படிக்கிற குரலில் படித்தாய். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் தூங்கவில்லை. அவர் விழித்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் அடுத்த பக்கத்துக்கு வந்தாய். இருமினாய். தாளைத் திருப்பினாய். 'பதினைந்தாம் தேதியில் மாற்றம் இல்லை, தம்பி' என்று முடித்தாய்.

நடுவில் இருந்தது எங்கே?

உன்னைப் பற்றி எழுதியதைப் படித்தாய், என்னைப் பற்றி எழுதியதை விட்டாய். பிறகு வீட்டுக்குப் போய், முழுக்கப் படிக்கப்பட்டது என்று எனக்கே எழுதினாய். சொன்ன சொல் மாறுகிறவர்கள் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

செயலாளர் அவர்களே, ஐந்தாம் விதியை நீங்கள் மீறியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தையும், போன வாரம் விட்ட பத்தியையும் வருகிற வியாழக்கிழமை சபையில் முழுக்கப் படிக்க வேண்டும். அந்தத் தெரு என்னை வேடிக்கை பார்க்கும் என்றால் பார்த்துக்கொள்ளட்டும். படித்து முடித்த பிறகு, இத்துடன் இருக்கும் ஒட்டிய உறையைப் பிரி. முன்னாடி பிரிக்காதே.

கம்பெனிக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். போனை எடுக்கவில்லை. நீ படிக்காவிட்டால் எடுப்பேன்.

தம்பி

செப்டம்பர் 5

தம்பிக்கு,

படிக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். புதன்கிழமை ராத்திரி அத்தானிடம் சொன்னேன். அவர், "அவன் சொன்னதுக்கு அப்புறமும் படிக்கலேன்னா, நீ அவனுக்காக விடல. உனக்காக விடுறே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். இவ்வளவு நாளும் இவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

படித்தேன். விட்டதை முதலில், பிறகு புதியதை. விலைப்பட்டியல் குரலில் ஆரம்பித்தேன். அந்தக் குரலிலேயே முடிக்க முடியவில்லை. கேட்கப் பிடிக்காவிட்டால் இந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படி.

டீக்கடைக்காரர், "ஐயையோ, அவன்கிட்டயா சொன்னேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குத்தான் கொஞ்சம் சிரிப்பு. மற்றபடி கடலை வறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மைக் எழுந்து மைக்கை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். பிறகு அதைத் திரும்ப என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இதைப் பதிவு செய்தேன்.

உறையைப் பிரித்தேன். கையெழுத்தும் சாவியும்.

நாம் தேர்வாவோமா என்று தெரியாது. எங்களைவிட நன்றாக அழிந்துபோன ஊர்கள் நிறைய இருப்பதாக அம்புக்குறி சொல்கிறார். நீரூற்றை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வியாழக்கிழமை என்று ஒரு வட்டம் போட்டிருக்கிறார். அம்புக்குறி எதுவும் போடவில்லை.

அந்த ஜன்னல் விஷயம். இறங்கி வரத்தான் கிளம்பினேன். படியில் பாதி வந்து நின்றுவிட்டேன். போகாதே என்றால் நீ தங்கிவிடுவாய் என்று பயமாக இருந்தது. தங்கினால் அந்தக் கடையில் இன்னும் எத்தனை வருஷம் பேப்பர் படிக்கிறவர்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருப்பாய்? அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஷட்டர் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. தாரால் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். அவரும் சேர்ந்துதான் தூக்கினார். உள்ளே ஒரே தூசி, ஒட்டடை. உன் கல்லாவுக்குப் பின்னால் பெட்டி பிரிக்காத விசிறி ஒன்று கிடந்தது. சலூன்காரர் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன விலை?" என்றார்.

யாரோ பின்னாலிருந்து, "சும்மா பாக்கலாம்னா?" என்றார்கள்.

"இல்லய்யா. வாங்கத்தான்" என்றார்.

விலை எனக்குத் தெரியாது. நீ வந்து சொல்.

அக்கா